அரை மாத்திரை

எங்கள் வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை என்னுடையது. பாதியாக உடைக்கப் பாக்குவெட்டி போதும், தூள்கூடச் சிந்தாது.

என் மனைவி சுடலைவடிவு முக்கூடலில் நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றியவள். மூன்று வருஷத்துக்கு முன்பு கை நடுங்கத் தொடங்கியது. பிறகு பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பாளையங்கோட்டை டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து விளக்கினார்.

"அடுப்படியில நெத்திலிக் குழம்பு இருக்கும். பிடிக்கத்தான் செய்யும். ஆனா எழும்பிப் போகணுமேன்னு கையெட்டுற பிஸ்கட்டத் தின்னுக்கிடுவாங்க. மூளையில டோபமின் கொறஞ்சா, ஆசப்பட்டதுக்காகப் பாடுபட மனசு வராது அண்ணாச்சி."

மாத்திரை வேலை செய்தது. பத்தே நாளில் ஆற்றுக்கு நடந்து போய்க் குளித்தாள். பாபநாசத்திலிருந்து முதலை முதுகில் ஏறி நான் ஊர் வந்த கதையைச் சொன்னால், "முதலைக்கு யாரு டிக்கெட்டு எடுத்தா?" என்று கேட்டாள். அடுத்த மாதம் சேலைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

"வள்ளியூருல மக வீட்டுக்குப் போறேன். நாப்பது வருசமா உம்ம பொய்யக் கேட்டாச்சு. இனி வர மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தை பிறக்கட்டும்" என்றேன். அன்றிலிருந்து அரை மாத்திரை கொடுத்தேன். மீதிப் பாதியை ஆற்றில் போட்டேன். கெண்டை மீனெல்லாம் எதிர்நீச்சல் போட்டு அணைக்கே போய்விட்டதாகக் கேள்வி.

தை பிறந்ததும் மகள் முத்துராணி வந்தாள்.

"எம்மா, கார் நிக்கி. வாரியா?"

சுடலைவடிவு பையைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். "இருக்கட்டும்" என்றாள்.

"ஏட்டி, பாத்தியா? அவளுக்கு இங்கனதான் பிடிச்சிருக்கு" என்றேன்.

மருந்து ஏன் கேட்கவில்லை என்று டாக்டர் குழம்பினார். அளவைக் கூட்டி எழுதினார். சரியென்று வாங்கி வந்து, பங்குனியில் அடியோடு நிறுத்தினேன். அதன் பிறகு என் கதைகளை அவள் முழுவதும் கேட்டாள். குறுக்கே ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர்ச் செம்பு நாலடி தள்ளி இருக்கும். தாகமா என்றால் தலையசைப்பாள், எழும்ப மாட்டாள். நான்தான் புகட்டுவேன். அப்புறம் விழுங்கவும் முடியாமல், நெஞ்சில் சளி கட்டி, ஆனியில் இறந்துபோனாள்.

பிரிக்காத மாத்திரை அட்டைகளை அலமாரியில் பார்த்துவிட்டு முத்துராணி கேட்டாள். ஒளிக்க என்ன இருக்கிறது? நான்தான் கொடுக்கவில்லை. ஆனால் ஒன்று. தை பிறந்த பிறகு அத்தனை மாதத்தில் வள்ளியூருக்குப் போக வேண்டும் என்று அவள் ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே பஸ் ஏற்றி விட்டிருப்பேன்.