லாரிச் சாவியை எடுத்தவர் சொன்னது

நான் மேலே கண்ட முகவரியில் மாடிப் பகுதியில் கணவருடனும் மகளுடனும் குடியிருந்து வருகிறேன். வயது முப்பத்தெட்டு. பேருந்துகளுக்கான பிரேக் குழாய்கள் செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். என் மீது புகார் கொடுத்திருக்கும் உற்பத்தி மேலாளர் என் நாத்தனாரின் கணவர். அவர்கள் அதே வீட்டின் கீழ்ப் பகுதியில் இருக்கிறார்கள். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவது. எங்களுக்குள் இதற்கு முன் எந்த மனத்தாங்கலும் இல்லை. என் கணவர் வெளியூர் போகும் நாட்களில் என் மகளை ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறவர் அவர்தான்.

எங்கள் தொழிற்சாலையில் ரப்பர் குழாயின் நுனியில் உலோக முனையைப் பொருத்தி, இயந்திரத்தில் அழுத்தி இறுக்குவார்கள். அந்தப் பிடி தளர்ந்தால் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது முனை கழன்றுவிடும். ஆகவே சில குழாய்களை எடுத்து அளந்து, அந்த அளவைக் கணினித் திரையில் ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைப்போம். புள்ளி நடுக்கோட்டை ஒட்டி விழுந்தால் அடுத்த பரிசோதனை ஒரு மணி நேரம் கழித்துப் போதும். மஞ்சள் கோட்டைத் தாண்டினால் பத்தே நிமிடத்தில் மறுபடி, இரண்டு மடங்கு குழாய்களை எடுத்துப் பார்க்க வேண்டும். சிவப்பைத் தாண்டினால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். எப்போது, எத்தனை பார்க்க வேண்டும் என்பதைக் கடைசிப் புள்ளியை வைத்துக் கணினியே முடிவு செய்து விளக்கைப் போட்டுக் கூப்பிடும். இந்த ஏற்பாட்டைச் செய்தது நான். தொழிலாளர்கள் இதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒழுங்காக இருந்தால் கண்டுகொள்ளாது, கொஞ்சம் சறுக்கினால் ஓயாமல் வந்து எட்டிப் பார்க்கும் என்பதால் அந்தப் பெயர்.

போன வாரம் முழுவதும் வெளி வேலையாக ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தில் இருந்துவிட்டு இன்று காலை வேலைக்குத் திரும்பினேன். இறுக்கும் இயந்திரத்தின் திரையில் புள்ளி மஞ்சளைத் தாண்டி இருந்தது. ஆனால் விளக்கு எரியவில்லை. இயந்திரம் ஓட்டுபவரிடம் கேட்டதற்கு, "மாமியார் வாயக் கட்டிட்டாங்கம்மா. எது எப்படி விழுந்தாலும் மணிக்கு ஒரு தடவை அளந்தா போதும்னு மேனேஜர் மாத்திட்டார், நீங்க போன அன்னிக்கே," என்றார். அதன் பின்பு நானே தொடர்ந்து குழாய்களை எடுத்து அளந்ததில் சில சிவப்புக்கு அப்பால் இருந்தன. இறுக்கும் அச்சு தேய்ந்திருந்தது. இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்.

அதன் பின்பு மேலாளரின் அறைக்குப் போனேன். அவர் மேசையில் இரண்டு தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. சரக்கு ஏற்றிய லாரியை நிறுத்தி வைக்கும்படி கேட்டேன். "மெஷினை நிறுத்திட்டே, சரி, நான் ஒண்ணும் சொல்லலை. லாரியில இருக்கறது பாஸான சரக்கு. அதுல கை வைக்காதே," என்றார். நடுவில் யாரும் பார்க்காததால்தான் பாஸ் ஆகியிருக்கிறது என்று சொன்னேன். அவர் ஒரு தொலைபேசியை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் முற்றத்துக்குப் போனபோது வண்டி கிளம்பும் நிலையில் இருந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே ஏறிச் சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். ஓட்டுநர் என்னைத் திட்டினார்.

புகாரின் பேரில் உதவி ஆய்வாளர் வந்தார். சாவியை அவரிடம் கொடுத்துவிடுகிறேன், அதற்கு முன் லாரியில் உள்ள பெட்டியைத் திறந்து அவர் கண் முன்னால் சோதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சம்மதித்தார். ஐந்து குழாய்களை எடுத்து, எண்ணெய் அழுத்தம் கொடுக்கும் மேடையில் மாட்டினோம். ஐந்தும் தாங்கின. மேலாளர், "பார்த்தீங்களா சார், இதுக்குத்தான் இவ்வளவு கூத்து," என்றார். ஆனால் ஒன்றில் முனை நூலளவு நகர்ந்திருந்தது. இன்னும் பத்து எடுக்க வேண்டும் என்றேன்.

"அஞ்சும் தாங்கிடுச்சேம்மா," என்றார் உதவி ஆய்வாளர்.

"தாங்கிச்சு சார். ஆனா ஒண்ணு நகர ஆரம்பிச்சிருக்கு. இப்பத்தான் விடக் கூடாது. உடனே பார்க்கணும், கூடுதலா பார்க்கணும்."

அவர் சிறிது யோசித்துவிட்டு, எடுங்கள் என்றார். அந்தப் பத்தில் ஒரு குழாயின் முனை தெறித்துக் கழன்று, எண்ணெய் சுவரிலும் மேலாளரின் சட்டையிலும் கண்ணாடியிலும் அடித்தது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். லாரி ஓட்டுநர் என்னைப் பார்த்து, "இது பஸ்ஸுக்கா போகுது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் போய்த் தார்ப்பாயை அவிழ்த்துப் பெட்டிகளைத் தானே இறக்க ஆரம்பித்தார். நான் சாவியை உதவி ஆய்வாளரிடம் கொடுத்தேன்.

அதன் பின்பு நிலையத்துக்கு அழைத்து வரப்பட்டேன். இங்கே என் நாத்தனார் தலையில் ஈரத் துண்டோடு அப்படியே வந்திருந்தார். "புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்னு சொல்றார். போன வாரம் போன வண்டிங்களைப் பத்தி மட்டும் நீ வாயத் திறக்காதே. அவருக்கு வேலை போச்சுன்னா நாங்க எங்க போவோம், சொல்லு," என்றார்.

"அந்தப் பெட்டிங்க திரும்பி வரட்டும் அண்ணி. அப்புறம் அண்ணாவுக்காக யார் கால்லயும் விழறேன்."

"இதைச் செஞ்சுட்டு எந்த மூஞ்சியோட வீட்டுக்கு வருவே?"

"இதே மூஞ்சியோடதான் வருவேன். உங்க வாசலைத் தாண்டித்தானே மாடி ஏறணும்? தாண்டி ஏறுவேன்."

அவர் பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இதைச் சொல்லும்போதும் அங்கேதான் இருக்கிறார்.

வரைபடத்தின் அமைப்பு மாற்றப்பட்ட நாளிலிருந்து போன எல்லாச் சரக்கையும் பேருந்துகளில் மாட்டாமல் தடுத்து, மாட்டியதைக் கழற்ற வேண்டும் என்று வாங்கிய நிறுவனங்களுக்குக் காவல் துறையே இன்றைக்குள் தகவல் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். புகாரைத் திரும்பப் பெறுவதற்காக இதை விட்டுவிட நான் சம்மதிக்கவில்லை.

நான் சொன்னதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். யாரும் என்னை மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும், சாவியைப் "பதற்றத்தில் எடுத்துவிட்டேன்" என்று எழுதியிருந்தது. அப்படி எழுதினால் எனக்கு நல்லது என்று எழுத்தர் சொன்னார். அதை அடித்துவிட்டு "தெரிந்தே எடுத்தேன்" என்று எழுதச் சொன்னேன். எழுதினார். திருத்தத்தின் பக்கத்திலும் கீழேயும் கையொப்பம் இட்டிருக்கிறேன்.

(கையொப்பம்)