வண்டி சீட்டில் அடைகாக்கும் கோழி

"கோழி எழுந்திரிச்சாத்தாம்பா என் வண்டி கெளம்பும்."

ரிஷிவந்தியத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் காலை பஸ். எனக்கு முன்சீட்டில் மனைவியோடு உட்கார்ந்திருந்தவர், கம்பியைப் பிடித்து நின்ற நண்பரிடம் சொன்னார்.

"இன்னாப்பா சொல்ற?"

"பேட்டரி முனையில உப்பு பூத்துக்கினு இருந்துது. தொடைக்கலாம்னு பைக்கு சீட்ட கழட்னேன். அஞ்சு நிமிஷ வேல. ஒரு நட்டு உள்ள வுழுந்துடுச்சி. அத எடுக்க டேங்க கழட்னா, பெட்ரோல் டியூபு பிஞ்சி கையோட வந்துடுச்சி."

"அப்புறம்?"

"எல்லாம் மாட்டிட்டேன், சீட்டு ஒண்ணுதான் பாக்கி. மல்லாக்க கெடந்துதா, அந்தக் குழியில கோழி அடைக்கு உக்காந்துக்குச்சி. இன்னும் பன்னெண்டு நாளு."

"தூக்கி கூடையில வுடேன்."

"கலைச்சா திரும்ப உக்காராதாம். இவதான் தொட வுட மாட்டேங்கறா."

மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கள்ளக்குறிச்சிக்குள் நுழைந்ததும் ஆண்கள் இருவரும் வேலைக்கு இறங்கிக்கொண்டார்கள்; மனைவி மட்டும் பஸ்ஸில் இருந்தார். அதுவரை பக்கத்தில் நின்று பேச்சைக் கேட்டிருந்த ஒரு அம்மா, அந்த இடத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்: "ஏம்மா, கோழிக்கு வேற எடமே கெடைக்கலியா?"

"அதுவா போயி உக்காரலக்கா. நான்தான் முட்டைய வெச்சி உக்கார வெச்சேன்." சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "ஒரு வேலைய முடிக்காம அடுத்தத தொட மாட்டாரு, அது ஒண்ணுதான் நல்ல பழக்கம். சீட்டு மாட்டப் போற அன்னிக்கி என் கிரைண்டரையே பாத்துக்கினு நின்னாரு. சத்தம் ஜாஸ்தியா வருதே, அஞ்சு நிமிஷ வேலதான்னாரு."