தேடிப் போனவர்கள்

புதுக்கோட்டைக் கொட்டகையில் பெண்கள் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற நடுத்தர வயது அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

"நல்ல படம்மா. போனவங்கள்ல ஒருத்தரும் பொழைக்க மாட்டாங்க. நேத்தும் வந்தேன்."

"என்ன கதைக்கா?"

"தென்துருவத்துக்கு நடந்து போன வெள்ளைக்காரங்க கதை. திரும்புறப்ப பனியில மாட்டிக்கிறாங்க. ஒருத்தருக்குக் காலு அழுகிப்போச்சு. தன்னால மத்தவங்களும் சாகக் கூடாதுன்னு கூடாரத்தை விட்டு அவராவே வெளிய போயிடுறாரு."

"ஐயோ."

"எங்க வீட்டுக்காரரும் ஜப்பான்காரன் சண்டையப்ப பர்மாவுலேருந்து நடந்துதான் வந்தாரு. காட்டுல காய்ச்சல். 'நீங்க போங்க, பின்னாலயே வாரேன்'னு மரத்தடியில உக்காந்துட்டாராம். கூட வந்தவங்க வந்து சொன்னாங்க."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

"அப்பறம் எப்பிடிக்கா இதைத் திரும்பத் திரும்பப் பாக்குறீங்க?"

"கடைசியில தேடி ஆளு வாராங்கம்மா. கூடாரத்துல கெடந்தவங்களை அங்கேயே அடக்கம் பண்ணுறாங்க. வெளிய போனவரு மட்டும் கெடைக்கலை. ஆனாலும் அவரைத் தேடிக்கிட்டு ரொம்ப தூரம் நடக்குறாங்க. அதைப் பாக்கத்தான் வாரேன்."