இருபத்துமூன்றாவது விதி

அண்ணி: ...அதெல்லாம் சரி தம்பி, புது விதியில 'கட்டாயம்'ங்கறதை எடுத்துட்டு 'செஞ்சா நல்லது'ன்னு போடேன். என்ன குறைஞ்சு போகுது?

கொழுந்தன்: அப்படிப் போட்டா ஒருத்தரும் செய்ய மாட்டாங்க அண்ணி.

அண்ணி: கட்டாயம்னு போட்டா மட்டும் கிழிச்சிடுவாங்களா? டிக் போடுவாங்க. அவ்வளவுதான்.

கொழுந்தன்: அறுபத்திரண்டு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட். எல்லாம் ஒரே நாள்ல ரிலீஸ். ஒண்ணு சொதப்பினா மத்த அறுபத்தொண்ணும் தெருவுல நிக்கும். ஒருங்கிணைப்பாளர்னு என் தலையைத்தான் உருட்டுவாங்க.

அண்ணி: நான் சேர்ந்தப்ப அஞ்சு விதி. இப்ப இருபத்திரண்டு. பதினொரு மணிக்கு ஓட்டு போட்டு இருபத்துமூணாக்கப் போறீங்க. சம்பளமா குடுக்கறீங்க? வீட்டுல உக்காந்து சும்மா சாஃப்ட்வேர் எழுதிக் குடுக்கறோம்... எங்களைப் போய் மிரட்டிக்கிட்டு!

கொழுந்தன்: பெருசா என்ன கேட்டுட்டோம்? ப்ராஜெக்ட்டுக்கு ரெண்டு ஆள் இருக்கணும். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் ஓட்டிப் பாக்கணும். இல்லேன்னா அந்த வருஷ ரிலீஸ்ல இடம் கிடையாது.

அண்ணி: ரெண்டாவது ஆளுக்கு எங்க போறது?

கொழுந்தன்: உங்களுக்கென்ன கவலை? அதான் உங்க ப்ராஜெக்ட்ல ரெண்டாவது ஆளா மௌனி இருக்காரே.

அண்ணி: இருக்கார், இருக்கார். காபி ஆறுது, குடி.

கொழுந்தன்: அதான் எனக்குப் புரியல. உங்ககிட்ட ஆள் இருக்கு. அப்புறம் ஏன் இந்தக் குதி குதிக்கறீங்க?

அண்ணி: ஊருக்காகப் பேசறேன்.

கொழுந்தன்: ஓஹோ... ஊருக்காக! சரி, அவர் எப்படி அண்ணி இருப்பார்?

அண்ணி: யாரு?

கொழுந்தன்: மௌனி.

அண்ணி: பட்டப்பேரைக் கேட்டாலே தெரியலையா? பேச மாட்டார்.

கொழுந்தன்: நீங்க எதை அனுப்பினாலும் நாலே நிமிஷத்துல 'பார்த்தேன், சரி'ன்னு எழுதிடறார்.

அண்ணி: சுறுசுறுப்பு. உங்க அண்ணனுக்கு அதுல பாதி இருந்தா...

கொழுந்தன்: அண்ணனை விடுங்க, பாவம். போன வருஷம் மௌனி என்ன எழுதியிருக்கார் தெரியுமா? 'முழுசா ஓட்டிப் பார்த்தேன், அருமையா வேலை செய்யுது.'

அண்ணி: அதுல என்ன?

கொழுந்தன்: நேத்து பழைய பதிவையெல்லாம் புரட்டினேன். அன்னிக்கு நீங்க புது ஃபைலை அப்லோட் பண்ணவே மறந்துட்டீங்க. பட்டியல்ல பேர் இருக்கு, ஃபைல் இல்ல. இல்லாத ஃபைலை மனுஷன் எப்படி ஓட்டிப் பார்த்தார்?

அண்ணி: ப்ராஜெக்ட்ல கூட இருந்தவர் விலகி மூணு வருஷம் ஆச்சு. ஆள் வேணும், ஆள் வேணும்னு எழுதிப் போட்டேன். ஈ காக்கா வரல. தேதி கணக்குப் போடற சாஃப்ட்வேர்... எவனுக்கு ஆசை வரும்?

கொழுந்தன்: அப்போ மௌனி...

அண்ணி: நான்தான். இன்னொரு அக்கவுண்ட்.

கொழுந்தன்: அண்ணி!

அண்ணி: கத்தாதே. ஒத்தை ஆள்னு தெரிஞ்சா, நம்ப முடியாதுன்னு விதி இல்லாமலே அப்பவே தூக்கியிருப்பீங்க. ஒன்பது வருஷ உழைப்புடா. அதை நம்பி நாப்பது ப்ராஜெக்ட் ஓடுது. பதினொரு மணிக்கு... சொல்லிடுவியா?

கொழுந்தன்: எனக்கே தெரியல அண்ணி. சொல்லாம எப்படி...

அண்ணி: சரி. எனக்கும் ஒண்ணு புரியல. கேக்கட்டா?

கொழுந்தன்: கேளுங்க.

அண்ணி: எல்லாரும் பழைய ஃபைலையே ஓட்டிட்டு இருந்ததால, புதுசு ஏறலைன்னு எனக்கே பத்து நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. ஆனா ரிலீசுக்கு முந்தின நாள் ஒருங்கிணைப்பாளர் அறுபத்திரண்டையும் தன் கையால இன்ஸ்டால் பண்ணிப் பாக்கணும். உங்க முதல் விதியே அதானே?

கொழுந்தன்: ஆ... ஆமா.

அண்ணி: என் ப்ராஜெக்ட்டுக்கு நேரா பச்சையா டிக் இருந்துச்சே தம்பி. நீ எதை இன்ஸ்டால் பண்ணிப் பாத்தே?

கொழுந்தன்: மூணு வருஷமா ஒண்ணைக்கூடப் பாக்கல அண்ணி, மேலேருந்து கீழ வரைக்கும் டிக் போட்டுட்டு வரேன்... அறுபத்திரண்டை ஒத்தை ஆளா எப்படிப் பாக்கறது? ரெண்டு ஆள் கட்டாயம்னு ஆயிட்டா எனக்கும் ஒரு ஆள் தருவாங்கன்னுதான் இந்த விதியையே கொண்டு வந்தேன்.