ஆறாம் அறைக்குப் போன கேக்

பின்னேரம் மூன்று மணி. வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்று. மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை என்பதால் பாதிப்பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். கடை பூட்டு, கேற் பூட்டு... ஒரு நாய்கூட வெளியில் இல்லை.

சிரிக்க வேண்டாம். பேய் நடுச்சாமத்தில்தான் வரவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? கரண்ட் வரும்வரைக்கும் கதை சொல்லு என்று கேட்டது நீங்கள். கேட்டால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். அந்த மெழுகுதிரியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வையுங்கள்.

இது என் சிநேகிதி பைறோஸாவின் மச்சாள் ஸீனத்துக்கும் அவளுடைய அறைத்தோழி துஷ்யந்திக்கும் நடந்தது. பைறோஸா ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லுகிறவள்தான், எனக்கும் தெரியும். ஆனால் இதைச் சொன்ன அன்றைக்கு அவள் குரல் ஏறவேயில்லை.

அந்த ஒழுங்கையில் ஒரு பழைய மாடிவீடு, கம்பஸ் பிள்ளைகளுக்கான ஹொஸ்டல். மேல்மாடியில் ஆறு அறை. பொறுப்பாக இருந்தவர் கொன்ஸ்ரன்ஸ் அன்ரி. அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. அறைக்குள் அடுப்பு மூட்டக்கூடாது, அது கரண்ட் அடுப்பாக இருந்தாலும் சரி. பிடிபட்டால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வவுனியாவிலிருந்து வந்த துஷ்யந்தியின் பெட்டிக்குள், உடுப்புகளுக்கு அடியில், ஒரு ரைஸ் குக்கர் இருந்தது.

அன்றைக்கு ஸீனத்துக்கு இருபத்தொரு வயது. உம்மா மௌத்தாகி, அடக்கம் செய்து நாலு மாதம். பிறந்தநாளுக்கு உம்மாவின் லவ் கேக் இல்லாத முதல் வருடம். அதைப்பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் துஷ்யந்திக்குத் தாங்கவில்லை.

காலையில் ஸீனத் வெளிக்கிடும்போது துஷ்யந்தி ஒரு ஸ்கார்ஃப் பின் கொடுத்தாள். வெள்ளை முத்து வைத்தது. ஊசி கொஞ்சம் வளைந்திருந்ததால் பல்லால் கடித்து நிமிர்த்தி, தானே குத்தியும் விட்டாள். ஸீனத்துக்குப் பம்பலப்பிட்டியில் ஐந்து மணிவரை வகுப்பு. அன்ரி கொட்டாஞ்சேனைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனவர், எட்டு மணிக்குத்தான் வருவார். மாடியில் துஷ்யந்தி தனி.

ரவை, கஜு, முட்டை, பட்டர், தேன், ஏலக்காய், கடைசியாகப் பன்னீர். எல்லாவற்றையும் அடித்துக் குக்கர் சட்டிக்குள் ஊற்றி ஸ்விட்சை அமத்தினாள். உள்ளே இருப்பது சோறில்லை, கேக் என்று குக்கருக்கு எங்கே தெரியும்? பத்து நிமிடத்தில் 'டக்' என்று ஸ்விட்ச் மேலே எழும்பிவிடும். கொஞ்சம் ஆறவிட்டுத் திரும்ப அமத்த வேண்டும். டக்... திரும்ப அமத்து... டக்... நாலரையாகும்போது பன்னீர் மணம் விறாந்தை முழுக்கப் பரவிவிட்டது. துவாயை நனைத்துக் கதவடியில் அடைத்தாள்.

திரும்பவும் டக்.

குக்கரைப் பார்த்தாள். ஸ்விட்ச் கீழேதான் இருந்தது.

சத்தம் கதவில்.

அன்ரி என்றுதான் முதலில் நினைத்தாள். குக்கர்மேல் போர்வையை எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தால்... ஒருவரும் இல்லை. தரையில் ஒரு தட்டு. நீல விளிம்பு போட்ட வெள்ளைப் பீங்கான். வெறும் தட்டு, ஈரமாக. விறாந்தையின் அந்தக் கரையில், எப்போதும் பூட்டிக் கிடக்கும் ஆறாம் அறைக் கதவுக்கடியில் வெளிச்சம் தெரிந்தது. யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள், மணம் பிடித்துப் பங்கு கேட்கிறார்கள் என்று இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கேக்குக்குள் ஈர்க்கு விட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை, வெந்துவிட்டது. ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்து ஆறாம் அறை வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

"அக்கா, அன்ரிட்டச் சொல்லிப் போடாதேங்கோ, என்ன?"

உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும்.

கால் மணித்தியாலத்தில் திரும்ப... டக். அதே தட்டு. அதில் ஒரு பிடி சீனி.

உங்கள் வீடுகளிலும் இந்த வழக்கம் இருக்கும். பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவோம். அதனால் துஷ்யந்தி பயப்படவில்லை. நல்ல வீட்டுப் பிள்ளை என்றுதான் நினைத்தாள். சீனி மட்டும் நனைந்து கட்டியாகியிருந்தது. முகர்ந்து பார்த்தாள். வற்றின கடலில் பாசி நாறுமே... அந்த நாற்றம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சீனியோடு வந்த தட்டை இவள் எப்படி வெறுமையாக அனுப்புவாள்? வளர்ப்பு அப்படி. சீனியைக் கொட்டிவிட்டு இரண்டாவது துண்டை வைத்து, திரும்பவும் ஆறாம் அறை வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

ஐந்தேகால். டக்.

இந்தமுறை தட்டில் கடல்மண். மண்ணுக்கு மேல் ஒரு ஸ்கார்ஃப் பின். வெள்ளை முத்து. எடுத்துப் பார்த்தாள். ஊசியில் அவளுடைய பல் பதிந்த அடையாளம் அப்படியே இருந்தது.

ஸீனத்துக்கு ஃபோன் எடுத்தாள். மணி அடித்தது... அடித்தது... நின்றது. திரும்ப எடுத்தாள். கடற்பக்கம் ரயில் கூவிக்கொண்டு போய், ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடி ஓய்ந்தது. ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்த அறையில் இருப்பவர்களுக்கும் தட்டு வெறுமையாக வரக்கூடாது. கேக்குக்குப் பதில், தங்கள் கையில் கிடைப்பதைத் தருகிறார்கள். இன்னொரு துண்டு கொடுத்தால் அடுத்ததாக ஸீனத்தின் எது வரும்? கொடுக்காமல் விட்டால் அவளை என்ன செய்வார்கள்? துஷ்யந்திக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மண்ணைக் கொட்டினாள். குக்கர் சட்டியைக் கவிழ்த்து, மிச்சக் கேக் அத்தனையையும் தட்டில் தட்டினாள். சூட்டோடு தூக்கிக்கொண்டு போய் ஆறாம் அறை வாசலில் முழங்காலில் இருந்தாள்.

"இது முழுக்க வச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு ஒண்டும் தர வேண்டாம். அவளை மட்டும் விட்டிடுங்கோ... இண்டைக்கு அவளின்ர பிறந்தநாள்."

காற்றாடிச் சத்தம் நின்றது. கதவுக்கடியில் வெளிச்சம் அணைந்தது. அவள் அறைக்கு ஓடிவந்து கதவைப் பூட்டினாள்.

ஆறு மணிக்குப் படியில் காலடிச் சத்தம். ஸீனத். ஸ்கார்ஃபைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அபாயா முழங்கால்வரை நனைந்து, மண்ணாக இருந்தது. துஷ்யந்தி அவளைக் கட்டிப்பிடித்த பிடியை விடவேயில்லை.

"மரைன் டிரைவால வந்துக்கிட்டு ஈந்தேன்டி," என்றாள் ஸீனத். "ரெயில் பாதைக்கு அங்கால, கல்லுல ஒரு பொம்புள ஈந்தா. பேர் சொல்லிக் கூப்பிட்டா. உம்மாட குரல்... அப்புடியே உம்மாட குரல். கையப் புடிச்சுக்கிட்டுத் தண்ணிக்குள்ள எறங்கினா. எனக்குப் பயமே வரல்ல."

"பிறகு?"

"சும்மா கைய விட்டுட்டா. 'கேக் வந்துட்டு, நீ போ'ன்னு சொன்னா." அவள் துஷ்யந்தியைப் பார்த்தாள். "என்ன கேக்?"

எட்டு மணிக்கு அன்ரி வந்ததும், ஆறாம் அறையில் யார் என்று துஷ்யந்தி கேட்டாள். அன்ரி திறப்புக் கோர்வையைக் கிலுக்கி, அதில் தொங்கிய ஆறாம் அறைத் திறப்பைத் தூக்கிக் காட்டினார். "ஆறில ஆரடி இருக்கிறது? அதுக்கு ஒரு பல்ப் கூட இல்லை." பிறகு மணம் பிடித்து, "இஞ்ச ஆர் கேக் சுட்டது?" என்றார். நான்தான் என்று துஷ்யந்தியே ஒப்புக்கொண்டாள். அன்ரி துரத்தும்வரை நிற்காமல் இரண்டு பேரும் பெட்டியைக் கட்டினார்கள். ஆறாம் அறை வாசலைக் கடக்கும்போது துஷ்யந்தி பார்த்தாள். தட்டு இல்லை. துடைத்து வைத்ததுபோலத் தரை.

இப்போது இருவரும் கொட்டாஞ்சேனையில், மூன்றாம் மாடியில் ஒரு அறையில் இருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து மதில்தான் தெரியும், கடல் தெரியாது. வேண்டுமென்றேதான் அப்படி எடுத்தார்கள். கேக் சுடுவதும் இல்லை, குக்கரில் சோறு மட்டும். ஆறேழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நல்லவேளை முடிந்தது என்று துஷ்யந்தி நினைத்திருந்தாள், ஸீனத் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்கும்வரை.

"ஏன்டி... அந்தப் பீங்கான் திரும்பி வந்ததா?"

வரவில்லை. முழுக்கேக் போன தட்டு இன்னும் அந்த ஆறாம் அறைக்காரரிடம்தான் இருக்கிறது.

போன ஞாயிறு பின்னேரம் ஸீனத் வகுப்புக்குப் போயிருந்தாள். துஷ்யந்தி சோறு வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். டக். குக்கரைப் பார்த்தாள். ஸ்விட்ச் கீழேதான் இருந்தது.

கதவைத் திறந்தாள். தட்டு இல்லை. வாசலில் வட்டமாக ஈரம், தட்டளவு. சுற்றிவரக் கொஞ்சம் கடல்மண். யாரோ கொண்டுவந்து வைத்துப் பார்த்து... முழுக்கேக்குக்கு இது போதாது என்று, திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.