மிக அமைதியான காப்பகம்

நான் நன்றாகப் பேசுவேன் மேடம், சும்மா சொல்லக்கூடாது. அடுத்த ஆண்டு குழந்தைகள் காப்பகம் நடத்துபவர்களுக்கு என்னென்ன சவால், என்னென்ன மாற்றம் என்று பேசத்தான் இன்று காலை என்னை மேடையேற்றினார்கள். எதிரே நாற்பது காப்பகக்காரர்கள். கூட்டம் மூன்றாவது முறை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் போலீஸ் ஜீப்போடு வந்து என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். மிச்சத்தை உங்களிடமே சொல்லிவிடுகிறேன். பாதியில் நின்ற பேச்சு எனக்கு நெஞ்சைக் கரிக்கும்.

முதல் மாற்றம், ஆள் கணக்கு. இதுவரை ஆறு குழந்தைக்கு ஓர் ஆயா போதும். புத்தாண்டு பிறந்தால், இரண்டு வயதுக்குக் கீழே மூன்று பேருக்கு ஒருவர் வேண்டும். என்னிடம் பன்னிரண்டு குழந்தைகள். இருந்த ஆயாக்களில் ஒருத்தி துணிக்கடைக்குப் போய்விட்டாள், துணி கடிக்காது என்றாள். இன்னொருத்தி கல்யாணம் செய்துகொண்டாள். அங்கே ஒருவனைப் பார்த்துக்கொண்டால் போதுமாம். மிஞ்சியது நானும், நெட்டை என்று நான் கூப்பிடும் ஓர் ஆயாவும்தான்.

இரண்டாவது மாற்றம் இந்த ஆண்டே வந்துவிட்டது, தூங்கும் குழந்தையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, தாளில் டிக் போட வேண்டும். ஆய்வாளர் அம்மா வந்து பார்ப்பார். திருப்தி என்றால் ஆள் சேர்க்க ஓராண்டு அவகாசம் கிடைக்கும். இல்லையென்றால் பூட்டு. பதினெட்டு வருடம் நடத்திய இடம் மேடம்.

அந்தச் சமயம் பார்த்து எனக்குச் சளி பிடித்தது. மருந்துக்கடையில் கொடுத்த ரோஸ் நிற மருந்தை ஒரு மூடி குடித்தேன். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன், அதுவும் கைதட்டிப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது. எழுந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் மதியப் பாலில் ஆளுக்குக் கால் மூடி கலந்தேன்.

அந்த மதியத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டு மெத்தை, பன்னிரண்டு குழந்தை, ஒரு சிணுங்கல் இல்லை. நானும் நெட்டையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சூடு ஆறாத டீ குடித்தோம். நெட்டை மெத்தைகளுக்கு நடுவில் ஓர் ஆட்டம்கூடப் போட்டாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பார்க்கவும் அவசியமில்லை. அன்றிலிருந்து தினமும் மூன்று மணி வரைக்குமான டிக்கை ஒரு மணிக்கே போட்டுவிடுவோம்.

சுண்டெலிதான் கொஞ்சம் சிரமம். ஒன்றரை வயதுப் பெண். ஓட்டமும் கடியும்தான் அவளுக்கு வேலை, என் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. அவள் அம்மா பேருந்து ஓட்டுகிறாள், லேசில் லீவு கிடைக்காது. காய்ச்சலோடு வரும் குழந்தையை வாசலிலேயே திருப்பி அனுப்புவது எங்கள் விதி. அதனால் சில பெற்றோர் காலையில் மருந்தைக் கொடுத்து, சூட்டை அடக்கிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது பார்த்ததுமே தெரியும்.

ஆறு மாதம் முன்பு, ஆய்வாளர் அம்மா வருவதாகச் சொல்லியிருந்த நாள். சுண்டெலி வரும்போதே சோர்ந்திருந்தாள், கடிக்கவில்லை. இருந்தாலும் அவளை நம்ப முடியாது. அவளுக்கு மட்டும் ஒரு மூடி முழுசாகக் கலந்தேன்.

ஆய்வாளர் அம்மா கால் நுனியில் நடந்து பார்த்தார். அவருக்கு வாயெல்லாம் பல். என் அறையில் உட்கார்ந்து, ‘மிக அமைதியான சூழல்’ என்று எழுத ஆரம்பித்தார். எனக்குக் கால் தரையில் படவில்லை. மூன்று மணிக்கு மற்ற பதினொன்றும் எழுந்துவிட்டன. நெட்டை கதவோரம் வந்து நின்றாள்.

“அக்கா, சுண்டெலி எந்திரிக்கல. உதடு ஒரு மாதிரி இருக்கு.”

“தூங்கட்டும் விடு. அம்மா எழுதி முடிக்கட்டும்.”

நாற்பது நிமிடம் எழுதினார். அழகான கையெழுத்து. அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

மருத்துவமனையில் டாக்டர் என்னையும் பெற்றவளையும் பார்த்துக் கேட்டார். “குழந்தைக்கு ஏதாவது மருந்து குடுத்தீங்களா? மறைக்காம சொல்லுங்க. என்ன, எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் என்னால ஏதாவது செய்ய முடியும்.”

சுண்டெலியின் அம்மா பேருந்துச் சீருடையோடு நின்றாள். “காலையில சளி மருந்து ஒரு மூடி குடுத்தேன் டாக்டர். காய்ச்சல்னு தெரிஞ்சா உள்ள விடமாட்டாங்க, அதான்.”

“அதுக்கப்புறம்?”

“மதியம் பால் மட்டும்தான் டாக்டர்,” என்றேன்.

ஒரு மூடிக்கு இவ்வளவு ஆகாதே என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். நான் சுண்டெலி அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் அம்மா காலையிலேயே மருந்து கொடுத்தது எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். காலையில் வாசலில் சுண்டெலியை வாங்கும்போதே அவள் கடைவாயில் ரோஸ் கறை இருந்தது. என் முந்தானையால்தான் துடைத்துவிட்டேன். இதை நெட்டைகூட உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், அவள் அப்போது பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கு ஓராண்டு அவகாசம் கிடைத்தது. சுண்டெலிக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை. ஓடுவதில்லை, கடிப்பதில்லை, உட்கார வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறாள். அவள் அம்மா வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கிறாள். வாரம் தவறாமல் நான் போய்ப் பார்க்கிறேன். “என் கையாலயே என் புள்ளைய இப்படிப் பண்ணிட்டேனே அக்கா” என்று ஒவ்வொரு முறையும் அழுகிறாள். எனக்கு மனசு கேட்பதில்லை மேடம். உன்மேல் எனக்குக் கோபமே இல்லை, நான் எப்போதோ மன்னித்துவிட்டேன் என்று எத்தனை தடவைதான் அவளுக்குச் சொல்வது?