ஒரு ஃபைலைக்கூட நான் அழிக்கவில்லை

பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இதை என் டியூஷன் மாணவர்களுக்கும் என் மனைவி ஜெயத்துக்கும் பலமுறை சொல்லியிருக்கிறேன். பொருள்களிடம்கூட மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பவன் நான்.

மன்றத்தின் கடிதம் கிடைத்தது. விருதைத் திரும்பப் பெறுவது பற்றி முடிவெடுக்கும் முன் என் விளக்கத்தைக் கேட்டிருக்கிறீர்கள். முறையான செயல். நானும் முறையாகவே சொல்கிறேன்.

சவரிநாதனும் நானும் திண்டிவனத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பத்தாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். ரயில்வேயில் சேர்ந்து, மயிலத்துக்குப் பக்கத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் கேட்கீப்பராக இருந்தான். நான் எம்.ஏ., எம்.எட். முடித்து விழுப்புரத்தில் தமிழாசிரியன் ஆனேன். மூன்று கவிதைத் தொகுப்புகள் வெளியிட்டேன். அவற்றின் பிரதிகள் இன்றும் என் வீட்டுப் பரண்மேல் பத்திரமாக இருக்கின்றன.

2001இல் அவன் ஓய்வு பெற்றபோது, பெங்களூரில் வேலையிலிருந்த அவன் மகள் மெர்லின் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தாள். அடுத்த மாதமே நானும் ஒன்று வாங்கினேன். ஓர் எழுத்தாளன் வீட்டில் அது இல்லாமல் கேட்கீப்பர் வீட்டில் இருப்பது சரியாகப் படவில்லை.

அவன் நாவல் எழுத ஆரம்பித்தான். மனைவி பவுலின் எட்டிப் பார்த்தால்கூட திரையை மறைத்துக்கொள்வான். முடிந்த பிறகுதான் காட்டுவானாம். எனக்கு மட்டும் ஒவ்வொரு அத்தியாயமாகக் கொண்டுவந்து கொடுப்பான். சந்திப் பிழை திருத்த ஆள் வேண்டுமல்லவா.

முதலில் ஃப்ளாப்பியில் கொண்டுவந்தான். என் கம்ப்யூட்டரில் திறந்தால் ஒன்றும் புரியவில்லை. தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துகள் வரிவரியாக நின்றன. அவன் சிரித்தான்.

"இன்னா வாத்தியாரே, ஃபாண்ட் இல்லாம எப்புடித் தெரியும்? நான் அடிச்ச எழுத்து ஒங்கிட்ட இருந்தாத்தான் தமிழாத் தெரியும். இல்லாங்காட்டி பைத்தியக்காரன் கிறுக்கன மாரிதான் இருக்கும்."

அந்த ஃபாண்டை இன்னொரு ஃப்ளாப்பியில் கொண்டுவந்து போட்டான். எல்லாம் தமிழாக மாறியது.

ஃப்ளாப்பிகள் பஸ்ஸில் வரும் வழியிலேயே கெட்டுப்போயின. ஒருமுறை கம்ப்யூட்டர் பெட்டியையே லுங்கியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். என் பெட்டியையும் அவன் பெட்டியையும் கேபிளால் இணைத்தோம். அரை நாள் போயிற்று. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. பிறகு சி.டி.க்கு மாறினான். கடைசியில் மெர்லின் ஒரு பென் டிரைவ் வாங்கி அனுப்பினாள்.

ஏழாம் அத்தியாயம் படித்த நாள் நினைவிருக்கிறது. மூடிய கேட்டுக்கு முன்னால் ஒரு கல்யாண கார் நிற்கிறது. ரயில் வரத் தாமதமாகிறது. முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருக்கிறது. எல்லோரும் கெஞ்சுகிறார்கள். கேட்கீப்பர் திறக்கவில்லை. காருக்குள் இருப்பது அவனுடைய மகள். அன்று நான் மதியம் சாப்பிடவில்லை. என்ன உடம்புக்கு என்று ஜெயம் கேட்டாள். அஜீரணம் என்றேன்.

சவரிநாதனிடம், "சுமாரா இருக்குப்பா. இன்னும் செதுக்கணும்" என்றேன். நான்கு ஆண்டுகள் அப்படித்தான் சொன்னேன். ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு மறுபடி எழுதிக் கொண்டுவந்தான். ஒவ்வொரு முறையும் முன்பைவிட நன்றாக இருந்தது. அந்த வகையில் நாவலில் என் பங்கும் உண்டு.

2006 பிப்ரவரியில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் வலது கையும் போய்விட்டன. நான் பார்க்கப் போனபோது பவுலின்தான் கேட்டாள். நானாகக் கேட்கவில்லை.

"அண்ணே, அவரு எழுதனதெல்லாம் இதுலதான் கீது. இது அடிக்கடி பேஜாரு பண்ணுது. ஒங்க ஊட்டு கம்ப்யூட்டர்ல பத்திரமா எடுத்து வைங்கண்ணே."

சவரிநாதனை நாற்காலியில் உட்காரவைத்து என் பக்கத்தில் விட்டுவிட்டு அவள் கஞ்சி காய்ச்சப் போனாள். முப்பத்தொரு அத்தியாயங்கள் இருந்தன. எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றினேன். முழுவதும் இரண்டு எம்.பி.தான். முப்பத்தாறு ஆண்டு வாழ்க்கை சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்களில் நிம்மதி தெரிந்தது.

பிறகு ஃபாண்டுகள் இருக்கும் இடத்துக்குப் போனேன். அவனுடைய தமிழ் ஃபாண்டை அங்கிருந்து நீக்கினேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். நாவலின் ஃபைல்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தன. ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. இதைக் குழு குறித்துக்கொள்ள வேண்டும். இடது கையால் அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். நன்றி சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து பவுலின் போன் செய்தாள்.

"அண்ணே, அவரு எழுதனத அவருக்கே படிச்சுக் காட்டலாம்னு எதிரூட்டுப் பொண்ண உட்டுத் தொறந்து பாத்தேன். கோணல் மாணலா என்னென்னமோ இருக்குது. ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்ல. நாலு வருசமா இதத்தான் அடிச்சிக்கினு இருந்தாரா?"

நான் நிதானமாகச் சொன்னேன். "இந்த நோய் ஒரே நாள்ல வர்றதில்லம்மா. உள்ளுக்குள்ள ரொம்ப நாளா இருந்திருக்கும். வெளியில சொல்லிக்காத. பேரு கெட்டுடும்."

"ஒங்ககிட்ட குடுத்தாரே, நீங்க பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன். மனசு நோகக் கூடாதுன்னு நல்லா இருக்குன்னு சொல்லிக்கினு இருந்தேன்."

இது உண்மையல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்லா இருக்கு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

அவள் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். ஏற்கெனவே புத்தி பிசகியிருந்தது என்று தெரிந்ததும் அவர் வேறு மாத்திரை சேர்த்தார். இதற்கிடையில் சவரிநாதன் இடது கையால் மானிட்டரைத் தட்டுவது, தொண்டையிலிருந்து சத்தம் எழுப்புவது என்று இருந்தான். மாத்திரையைக் கூட்டினார்கள். பிறகு தட்டுவது நின்றது. பெரும்பாலும் தூங்கினான். ஓய்வு தேவைதான்.

நாவல் 2008இல் என் பெயரில் வெளிவந்தது. அவன் வைத்திருந்த 'கேட்' என்ற தலைப்பில் இலக்கியத் தரம் இல்லை. 'இருப்புப்பாதையும் இருதயமும்' என்று மாற்றினேன். சந்திப் பிழைகளை நீக்கினேன். முதல் பக்கத்தில் 'பேச இயலாத என் நண்பனுக்கு' என்று சமர்ப்பணம் போட்டேன். வேறொருவராக இருந்தால் அதையும் செய்திருக்க மாட்டார்.

வெளியீட்டு விழாவுக்கு உங்கள் குழுவில் இருவர் வந்திருந்தீர்கள். பதினேழு பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. திண்டிவனத்துக்குக் கார் அனுப்பி சவரிநாதனையும் பவுலினையும் வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தேன். ஏழாம் அத்தியாயத்தை நானே வாசித்தேன். கல்யாண கார் கேட்டுக்கு முன் வந்து நின்றதும் சவரிநாதன் எழ முயன்றான். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கண்ணீர் வழிந்தது. நட்பின் உச்சம் இது என்று தலைவர் மைக்கில் சொன்னார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் அழுதேன். அந்த அத்தியாயத்தை யார் வாசித்தாலும் அழத்தான் செய்வார்கள்.

பவுலின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாத்திர குடுத்துத்தான்ணே இட்டாந்தேன். சபைல இப்புடிப் பண்ணிட்டாரு, மன்னிச்சிக்குங்க" என்றாள். பரவாயில்லை என்றேன். அந்த ஆண்டே உங்கள் விருதும் வந்தது.

போன மாதம் மெர்லின் ஊருக்கு வந்திருக்கிறாள். பழைய கம்ப்யூட்டரைக் கடையில் போடும் முன் அப்பாவின் ஃபைல்களைத் தன் லேப்டாப்புக்கு மாற்றியிருக்கிறாள். திறந்து பார்த்ததுமே அது கிறுக்கல் இல்லை, ஃபாண்ட் இல்லாததுதான் கோளாறு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இணையத்தில் தேடி எடுத்துப் போட்டிருக்கிறாள். ஃபைல்களில் 2002 முதல் தேதிகள் இருக்கின்றன. அவற்றைத்தான் உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். தேதிகள் சரியானவை. நான் மறுக்கவில்லை. நாவல் அவனுடையது. எடுத்தவன் நான்.

ஆனால் சிலர் பேசுவதுபோல் நான் கொடூரமானவன் அல்ல. அந்தக் குடும்பமே என்னைப் பற்றி அப்படி நினைக்கவில்லை. மெர்லின் எல்லாவற்றையும் விளக்கிய அன்று பவுலின் எனக்கு போன் செய்தாள். திட்டவில்லை. நாவலைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணே, அப்ப அந்த மாத்திரய நிறுத்திடலாமா?"

டாக்டரிடம் கேட்டுக்கொள்ளம்மா என்றேன். எனக்குத் தெரியாத விஷயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒருவர் உடம்போடு விளையாடுகிற ஆள் நான் இல்லை.